நீ சொன்ன முப்பத்து நாலு அடி

அன்புள்ள மகனுக்கு,

இங்கே எல்லோரும் நலம் என்று எழுதினால் நான் எதையோ மறைக்கிறேன் என்று நீ சந்தேகப்படுவாய். என் பிள்ளை அல்லவா. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ வந்திருந்தபோது, களியைக் கிள்ளிக் குழம்பில் தோய்த்துக்கொண்டே நீ பாடம் நடத்தும் வகுப்பில் படிக்கும் ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லிச் சிரித்தாய். நல்லம்பள்ளிப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிற பெண். ஆய்வகத்தில் தண்ணீரைக் கொதிக்கவைத்துத் தெர்மாமீட்டரைப் பார்த்து எழுதச் சொன்னால், எல்லோரும் நூறு என்று எழுதியிருக்க, அவள் மட்டும் தொண்ணூற்றெட்டு சொச்சம் என்று எழுதியிருக்கிறாள். அதை அடித்துவிட்டு நூறு என்று எழுதச் சொன்னாய். நான் பார்த்தது இதுதான் சார் என்று அவள் நின்றுவிட்டாள். நீ அவளுடைய ரெக்கார்டு நோட்டில் கையெழுத்துப் போடாமல் திருப்பிக் கொடுத்துவிட்டாய். கையெழுத்து இல்லாவிட்டால் செய்முறைத் தேர்வில் உட்கார முடியாது, கொஞ்சம் அலைந்தால் தானாக நூறு என்று எழுதிக்கொண்டு வருவாள் என்றும் சொன்னாய். உன் அப்பா சிரித்தார். அவர் எதற்கும் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்போதே கேட்டிருந்தால், தெர்மாமீட்டர் பழசு அம்மா என்று மழுப்பிவிட்டு பஸ் ஏறியிருப்பாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

என்னைச் சந்தேகப் பிராணி என்று இந்த ஊரே சொல்லும். சொல்லட்டும். பாப்பாரப்பட்டிச் சந்தையில் எடைக்கல்லைத் திருப்பி, அடியில் சுரண்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் புளி வாங்குவேன். மண்ணெண்ணெயை மோந்து பார்ப்பேன். நீ சேலத்தில் விடுதியில் இருந்தபோது, சாப்பாடு நன்றாக இருக்கிறது என்று ஒரு கார்டு போட்டாய். எனக்கு உடனே மூக்கில் வேர்த்துவிட்டது. பஸ் ஏறி வந்து உன் கன்னத்தைப் பார்த்த பிறகுதான் நிம்மதி. கன்னம் ஒட்டிப்போயிருந்தது, என் சந்தேகம் சரியாக இருந்தது, அந்த நிம்மதி. உன் பொய்கள் எல்லாமே அந்த மாதிரிப் பொய்கள்தான். உனக்கென்று எதையும் சுருட்டிக்கொள்வதற்காகச் சொன்னதில்லை, அடுத்தவர் மனசு நோகக்கூடாது என்று சொன்னவை. அதனால்தான் அவற்றைக் கண்டுபிடிப்பது கஷ்டம். திருடனைப் பிடிப்பது எனக்குச் சுலபம், நல்ல பிள்ளையைப் பிடிக்கத்தான் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நீ பி.யு.சி. படித்த வருஷம் ஞாபகம் இருக்கிறதா? சேலம் மாவட்டத்திலிருந்து நம்மைப் பிரித்துத் தருமபுரியைத் தனி மாவட்டமாக்கிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. நீ தினமும் பஸ்ஸில் போய் வந்தாய். சாயங்காலம் நான் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருக்க, நீ இயற்பியல் புத்தகத்தைச் சத்தமாகப் படிப்பாய். என்னை எட்டாவதோடு நிறுத்திவிட்டார்கள், அந்தக் கோபம் இன்னும் எனக்குப் போகவில்லை. அதனால் தையல் மிஷினை மெதுவாக மிதித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்பேன். உன் புத்தகத்தில் ஒவ்வொரு பாடத்துக்கும் முன்னால், இதை யார் எப்படிக் கண்டுபிடித்தார் என்று சின்ன எழுத்தில் ஒரு கதை இருக்கும். தேர்வுக்கு வராது என்று நீ அதைத் தள்ளிவிட்டுப் போவாய். நான்தான் விடமாட்டேன். கதையைப் படி, அப்புறம் சூத்திரத்துக்குப் போ என்பேன்.

அந்தக் கதைகளில் பாதியை நான் நம்பவில்லை, உனக்கே தெரியும். குளியல் தொட்டியிலிருந்து எழுந்து துணியில்லாமல் தெருவில் ஓடினவரைப் பற்றிப் படித்தபோது, அந்தத் தெருவில் பெண்டுபிள்ளைகளே இல்லையா, ஒரு துண்டை எடுத்துக் கட்டிக்கொள்ள எவ்வளவு நேரமாகும் என்று கேட்டேன். சாய்ந்த கோபுரத்தின் மேலிருந்து இரண்டு குண்டுகளைப் போட்டவர் கதையில், கீழே நின்று பார்த்தவர்கள் யார், ஒரு பேராவது இருக்கிறதா என்றேன். நீ புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இல்லை என்றாய். அப்படியானால் பின்னால் வந்த சிஷ்யன் யாரோ வாத்தியாருக்குப் பெருமை சேர்க்கக் கட்டிவிட்ட கதையாக இருக்கும் என்றேன். நீ சிரித்தாய். மரத்திலிருந்து விழுந்த ஆப்பிளைப் பற்றி நான் சொன்னதை இங்கே எழுதவில்லை. ஆனால் ஒன்று, ஒரு கதையை நம்பாவிட்டால் பாடத்தை விட்டுவிட நான் சொன்னதில்லை. இரண்டு கல்லை எடுத்துக்கொண்டு கிணற்று மேட்டுக்குப் போகலாம் வா என்றுதான் சொன்னேன். பெரிய கல்லும் சின்னக் கல்லும் தண்ணீரில் ஒரே சமயத்தில் விழுந்த சத்தத்தை நீயும் நானும் சேர்ந்துதான் கேட்டோம்.

அதே கிணறுதான் அப்புறம் நம் குடும்பத்தை இரண்டாக்கப் பார்த்தது. உன் பெரியப்பாவுக்கும் உன் அப்பாவுக்கும் பொதுக் கிணறு. காலையிலிருந்து உச்சி வரை பெரியப்பாவின் முறை, உச்சிக்கு மேல் நம் முறை. தோல் சாலோடு கவலை கட்டி மாடு வைத்து இறைத்த காலம் வரை சண்டையே இல்லை. கரண்டு வந்து, இரண்டு பேரும் சேர்ந்து மோட்டார் வாங்கி, கிணற்றுக்குள் பாறையை வெட்டி ஒரு மேடை அமைத்து அதில் உட்காரவைத்த பிறகுதான் ஆரம்பித்தது. அந்தக் கோடையில் பெரியப்பாவின் முறையில் தண்ணீர் கொட்டும். நம் முறை வந்ததும் மோட்டார் ஓடும், சத்தம் வரும், தண்ணீர் வராது. காற்று புகாமல் அடைக்கச் சாணியைக் கரைத்து பம்பின் வாயில் ஊற்றி ஊற்றி உன் அப்பாவின் கை நாறிப்போனது. எட்டிப் பார்த்தால் கீழே தண்ணீர் பளபளவென்று கிடக்கிறது. கிணற்றில் தண்ணீர் இல்லாமல் வராவிட்டால் மனுஷன் வானத்தைத் திட்டுவான். இருந்தும் வராவிட்டால் யாரைத் திட்டுவது? நம் ராகிப் பயிர் கண்ணெதிரே சுருண்டது.

தன் முறை முடிந்ததும் பெரியப்பா குழாயின் மூட்டைத் தளர்த்திவிட்டுப் போகிறார் என்று நான் முடிவு கட்டினேன். போல்ட்டுகளின் தலையில் தையல் நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டுவைத்தேன். மறுநாள் நூல் அப்படியே இருந்தது. அவிழ்த்துவிட்டு அதே மாதிரி திரும்பக் கட்டியிருப்பார் என்று நினைத்தேன். அவர் மட்டும் என்ன? நாம் முறை தவறி இறைக்கிறோமா என்று பார்க்கக் கிணற்றுச் சுவரில் சுண்ணாம்பால் கோடு இழுத்துவைத்திருந்தார். இரண்டு வீடும் ஒரே கிணற்றில் எட்டிப் பார்த்துக்கொண்டு, அவரவர் அடையாளம் கலைந்திருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தோம். பெரிய மோட்டாராக மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று பெரியப்பா சொன்னதை, நம் பங்கைக் கரைக்கச் செய்கிற தந்திரம் என்று நான் உன் அப்பாவிடம் ஓதினேன். கடைசியில் கிணற்றின் நடுவே சுவர் எழுப்பிப் பிரித்துக்கொள்ளலாம் என்கிற பேச்சு வந்துவிட்டது. நடுவில் சுவர் வைத்தால் அந்த ஊற்று எந்தப் பக்கம் போகும் என்று ஒருவருக்கும் தெரியாது. எப்படியும் ஒரு குடும்பம் மண்ணை விட்டுப் போயாக வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் நீ காற்றழுத்தப் பாடத்துக்கு வந்தாய். சின்ன எழுத்துக் கதையில், இத்தாலியில் கிணறு வெட்டுகிறவர்கள் இதே கஷ்டத்தோடு ஒரு பெரிய அறிஞரிடம் போய் நின்றார்கள். பம்பு நன்றாக இருக்கிறது, கீழே தண்ணீர் இருக்கிறது, ஒரு உயரத்துக்கு மேல் ஏறமாட்டேன் என்கிறது. அந்த அறிஞர், கயிறு தன் பாரம் தாங்காமல் அறுந்துபோவது போலத் தண்ணீரும் அறுந்துவிடுகிறது என்றாராம். அது தப்பு. அவரிடம் படித்தவர்தான், பம்பு தண்ணீரை இழுப்பதே இல்லை, வெளியே இருக்கும் காற்றுதான் அமுக்கி மேலே தள்ளுகிறது, காற்றின் பலம் அவ்வளவுதான் என்று கண்டுபிடித்தார். பெரியவர் தப்பாகச் சொன்னதைப் புத்தகம் மறைக்காமல் எழுதியிருந்ததால் எனக்கு அந்தக் கதையில் நம்பிக்கை வந்தது. நான் மிஷினை நிறுத்திவிட்டேன். நீ புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாய். காலையில் தண்ணீர் மேலே இருக்கிறது, பெரியப்பாவுக்கு வருகிறது. அவர் இறைத்து முடிக்கும்போது கீழே போய்விடுகிறது, நமக்கு வருவதில்லை. இதில் மனுஷன் செய்த காரியம் ஒன்றுமே இல்லை.

நீ புத்தகத்தோடு பெரியப்பா வீட்டுக்குப் போனாய். நானும் பின்னாலேயே வந்தேன். அவர் நீ சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, பம்பு இழுக்கவில்லை என்றால் மோட்டாருக்குக் கரண்டு எதற்கு என்றார். அப்புறம் என்னைப் பார்த்தார். அம்மாவும் பிள்ளையும் சேர்ந்து காதில் பூச்சுற்ற வந்திருக்கிறோம் என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது.

"காத்து எவ்ளோ ஒசரம் தள்ளும்னு புக்குல போட்டிருக்குதா?" என்று கேட்டார்.

"முப்பத்து நாலு அடிங்க பெரியப்பா. பம்பு பழசு, வாசர் தேஞ்சது, அதால அதுக்கும் கொறச்சலாத்தான் வரும். ஆனா காத்தோட முழு பலம் முப்பத்து நாலு."

"சரி. பம்பு வாணாம். சும்மா ஒரு கொழாய்ல தண்ணிய நிறுத்திக் காட்டு. புக்குல இருக்கற கணக்கு அப்பிடியே வந்தா நான் ஒத்துக்கறேன், மோட்டாரைக் கீழ எறக்கிக்கலாம். ஒரு அடி கொறஞ்சாலும் இது உங்க வூட்டு ஏமாத்து வேலைதான். செவுரு வச்சுப் பிரிச்சுக்கலாம்."

அந்தப் பந்தயத்தை நீ ஏற்றுக்கொண்டிருக்கக் கூடாது என்று எனக்கு அப்போதே பட்டது. புத்தகம் அச்சடித்தவன் நம் கிணற்றைப் பார்த்தானா? ஆனால் நீ சரி என்று தலையாட்டிவிட்டாய். பாப்பாரப்பட்டியில் வீடு கட்டிக்கொண்டிருந்த கொத்தனாரிடம் மட்டம் பார்க்கிற, கண்ணாடி மாதிரித் தெரிகிற பிளாஸ்டிக் ட்யூபைக் கேட்டு வாங்கி வந்தாய். நான் அதில் டேப்பால் அளந்து, அடிக்கு ஒன்றாக ஜாக்கெட் வெட்டிய துண்டுத் துணிகளைக் கட்டினேன். முப்பதாவது அடிக்கு மட்டும் நல்ல சிவப்புத் துணி. உன்னை அளக்க விடவில்லை, அளந்தது உன் கையாக இருந்தால் பெரியப்பா நம்பமாட்டார் என்று சொன்னேன். உண்மையில் நானும் நம்பியிருக்கமாட்டேன். ட்யூபில் நீலம் கரைத்த தண்ணீரை நிரப்பினோம். மேல்வாயை மடக்கி, சைக்கிள் ட்யூபால் இறுக்கிக் கட்டியவர் பெரியப்பா. வேறு யாரையும் தொடவிடவில்லை. கீழ்வாய் கிணற்றுத் தண்ணீருக்குள். அளவு தொடங்குகிற துணி சரியாகத் தண்ணீர் மட்டத்தில் நிற்கும்படி பிடித்துக்கொள்ள உன் அப்பாவைக் கடைசிப் படியில் உட்காரவைத்தோம். இரண்டு தரப்பும் சந்தேகப்படாத ஒரே ஆள் அவர்தான்.

பழைய கவலைச் சாலின் உருளையில் கயிற்றைப் போட்டு, மேலே நின்று பெரியப்பா இழுத்தார். நீ மோட்டார் மேடையில் நின்றாய். ட்யூப் நீலக் கோடாக மேலே ஏறிக்கொண்டே போனது. உன் முகத்துக்கு நேராக வந்தபோது அது நடந்தது. கட்டின முடிச்சு இன்னும் மேலே போகிறது, தண்ணீர் போகவில்லை. மேலே ட்யூப் சப்பையாக ஒட்டிக்கொண்டது, கீழே நீலத் தண்ணீர் நுரைத்துக்கொண்டு நின்றது. இழுக்க இழுக்க அது நின்ற இடத்திலேயே நின்றது. கண்ணுக்குத் தெரியாத காற்று, என் வாழ்நாளில் ஒரு தடவை கூட நான் நம்பியிராத காற்று, ஒரு கம்பம் உயரத் தண்ணீரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. நீ பார்க்கவில்லை, நான் படியில் இறங்கி உனக்குப் பின்னால், கொஞ்சம் மேலே வந்து நின்றிருந்தேன். தண்ணீர் சிவப்புத் துணிக்கு ஒரு சாண் மேலே நின்றது. அதற்கடுத்த துணிக்குக் கூட எட்டவில்லை.

"எவ்ளோடா?" என்று மேலிருந்து பெரியப்பா கேட்டார்.

ட்யூபைப் பார்த்தாய், கீழே உன் அப்பாவைப் பார்த்தாய். அப்புறம் தலையை நிமிர்த்தாமலேயே, "முப்பத்து நாலுங்க பெரியப்பா" என்றாய்.

பெரியப்பா கயிற்றை விட்டார். சரி, எறக்கிக்கலாம் என்று ஒரு வார்த்தை சொன்னார், அவ்வளவுதான். அடுத்த வாரமே பாறையை வெட்டிக் கீழே இன்னொரு மேடை அமைத்து மோட்டாரை இறக்கினோம். இரண்டு முறையிலும் தண்ணீர் வந்தது. பாதி ராகி பிழைத்தது. கிணற்றுக்குள் சுவர் வரவில்லை. அதற்குப் பிறகு அந்தச் சிவப்புத் துணியைப் பற்றி நான் உன்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வாயைத் திறந்திருந்தால் அன்றைக்கே குடும்பம் உடைந்திருக்கும், அதனால் மூடிக்கொண்டேன், அதற்காக இன்றும் நான் வருத்தப்படவில்லை. நீயாக ஒருநாள் வந்து சொல்வாய் என்று மட்டும் எதிர்பார்த்தேன். நீ சொல்லவில்லை. அதற்குப் பதிலாக, அந்த வருஷத்திலிருந்து உன் ரெக்கார்டு நோட்டில் எல்லாக் கணக்கும் புத்தகத்தில் இருப்பது போலவே வர ஆரம்பித்தது. வாத்தியார்கள் உன்னைத் தட்டிக்கொடுத்தார்கள். எனக்கு மட்டும் அந்த நோட்டைப் பார்க்கும்போதெல்லாம், சந்தையில் சுரண்டிய எடைக்கல்லைப் பார்ப்பது போல இருந்தது.

நீ கல்லூரிக்குப் போன ஒரு பகலில் அந்தப் புத்தகத்தை எடுத்து அடுத்த பக்கத்தை நானே படித்தேன். பிரான்ஸ் தேசத்துக்காரர் ஒருவர், காற்றுக்கு எடை இருக்கிறது என்றால் மலை மேல் காற்று குறைவாகத்தானே இருக்கும், அங்கே குழாயில் நிற்கும் பாதரசமும் இறங்க வேண்டுமே என்று சந்தேகப்பட்டு, தன் மச்சானை மலைக்கு அனுப்பியிருக்கிறார். மச்சானோ அவரைவிடப் பெரிய சந்தேகக்காரர். அதே மாதிரி இன்னொரு குழாயை மலையடிவாரத்தில் நிறுத்தி, மடத்துச் சாமியார் ஒருவரை நாள் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லிவிட்டுத்தான் ஏறினார். மேலே பாதரசம் இறங்கியது, கீழே இருந்தது அசையவில்லை. உன் புத்தகத்தில் நான் முழுசாக நம்பிய கதை அது ஒன்றுதான். அதில் யாரும் யாரையும் நம்பவில்லை. உன் அப்பாவைக் கடைசிப் படியில் உட்காரவைத்தோமே, அதே வேலை. படித்து முடித்ததும் எனக்குச் சுரீர் என்றது. சேலத்திலிருந்து வரும்போது தொப்பூர்க் கணவாயில் பஸ் முக்கி முனகி ஏறும், எனக்குக் காது அடைத்துக்கொள்ளும். நாம் மேட்டில் இருக்கிறோம். நமக்கு மேலே காற்று கொஞ்சம் குறைவு. முப்பத்து நாலு கடற்கரைக்காரர்களுடைய கணக்கு. நம் கிணறு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. கோடையில் வெதுவெதுத்த தண்ணீரின் ஆவி, அதில் நுரைத்த காற்று, அவையும் கொஞ்சம் கீழே தள்ளியிருக்கும், அந்தக் கணக்கு உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நம் ஊர் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று ஒரு ஜாக்கெட் துணி சொல்லிக்கொண்டிருந்தபோது, நீ அதன் வாயைப் பொத்திவிட்டாய்.

இப்போது அந்தப் பெண்ணுக்கு வருகிறேன். மலை மேல் பருப்பு வேகாது, தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும் என்று அதே புத்தகத்தில் வெப்பப் பாடத்தில் இருக்கிறது. நீதான் எனக்குப் படித்துக் காட்டினாய். காற்று குறைந்தால் தண்ணீர் நூறுக்கு முன்னாலேயே கொதிக்கும். அவள் எழுதிய தொண்ணூற்றெட்டு சொச்சமும் என் சிவப்புத் துணியும் ஒரே விஷயத்தைச் சொல்கின்றனவோ என்று எனக்குத் தோன்றுகிறது. இயற்பியல் கற்பிக்கிற உனக்கு இது தோன்றாமல் போனது எப்படி? உன் மேல் எனக்கு ஒரு சந்தேகம். தோன்றியிருக்கும். தோன்றியதும் அந்த மேடையும் நீலத் தண்ணீரும் ஞாபகம் வந்திருக்கும், அதனால் மனசுக்குள் தெர்மாமீட்டர் மேல் பழியைப் போட்டுவிட்டுச் சிரித்திருப்பாய். இல்லை என்றால் இல்லை என்று எழுது. ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன், அந்தப் பெண் சொன்னது சரி என்று நான் சொல்லவில்லை. அவளை எனக்குத் தெரியாது. தெர்மாமீட்டர் நிஜமாகவே பழசாக இருக்கலாம், அவள் சாய்வாகப் பார்த்திருக்கலாம். அவளையும் நம்பாதே. ஆனால் வேறொரு தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு அவளோடு நின்று பார்த்தாயா? பார்க்காமல் அடிக்கச் சொன்னாய் அல்லவா, அதுதான் எனக்கு ஆறவில்லை.

எப்படியும் நீ மனசுக்குள் என்னோடு வாதாடுவாய். அந்த ஒரு பொய்தான் அம்மா நம் குடும்பத்தைக் காப்பாற்றியது என்பாய். நானும் இத்தனை வருஷம் அப்படித்தான் நினைத்தேன். நேற்று உன் பெரியப்பா வந்திருந்தார். இப்போது கைத்தடி இல்லாமல் நடப்பதில்லை. காப்பி கொடுத்துவிட்டு நேராகவே கேட்டேன்.

"மாமா, அன்னிக்கு ட்யூப்ல தண்ணி எங்க நின்னுச்சு, நீங்க பாத்தீங்களா?"

அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். "செவப்புத் துணிகிட்டதான் நின்னுச்சு. மேலருந்து பாத்தா தெரியாதா? அதுக்கு மேலதான் சப்பி ஒட்டிக்கிச்சே."

நான் அதையும் உடனே நம்பிவிடவில்லை. வயதான காலத்தில் பெருந்தன்மைக்காகச் சொல்கிறாரோ என்று, சிவப்புக்கு அடுத்து மேலே என்ன துணி கட்டியிருந்தேன் என்று கேட்டேன். மஞ்சள் பூப்போட்டது என்றார். சரிதான். மஞ்சள் பூப்போட்டதுதான். அப்புறம் ஏன் ஒத்துக்கொண்டீர்கள் என்றேன்.

"முப்பதோ முப்பத்து நாலோ, தண்ணி ஒரு எடத்துக்கு மேல ஏறலீல்ல. நான்தான இழுத்தேன். நானே கட்டுன முடிச்சு. உங்க வூட்டுல யாரும் எதும் பண்ணலேன்னு அதுலயே தெரிஞ்சு போச்சு. பையன்தான் பாவம், பயந்துகிட்டுக் கணக்கை மாத்திச் சொன்னான். போவட்டும்னு வுட்டுட்டேன்."

சாமி, உன் முப்பத்து நாலை யாருமே நம்பவில்லை. உன் பெரியப்பா நம்பியது அந்த நீலத் தண்ணீர் நின்றதை. நீ சிவப்புத் துணியைப் பார்த்துவிட்டு முப்பது சொச்சம் என்று உரக்கச் சொல்லியிருந்தாலும் மோட்டார் கீழே இறங்கியிருக்கும், ராகி பிழைத்திருக்கும். ஒரு பொய்யால்தான் வீடு நிற்கிறது என்று நினைத்துக்கொண்டு இத்தனை வருஷம் அதைச் சுமந்துகொண்டிருக்கிறாய். அதே சுமையை அந்தப் பெண்ணின் தலையிலும் ஏற்றப் பார்க்கிறாய். எனக்கு அழுகை வந்தது. உன் மேல் கோபமும் வந்தது. இரண்டையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

நாளைக்கே அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, அவள் எதிரே திரும்பக் கொதிக்கவைத்துப் பார். அவள் எழுதியதே வந்தால் கையெழுத்துப் போடு. வேறு கணக்கு வந்தால், வந்ததை அவளையே எழுதச் சொல்லி, தேர்வுக்குள் போடு. உன்னைப் பற்றி எனக்குத் தெரியும், பார்த்துவிட்டேன் அம்மா, நூறுதான் வந்தது என்று ஒரு கார்டு போட்டுவிடுவாய். கார்டு வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை இரண்டு தெர்மாமீட்டர் எடுத்துக்கொண்டு இங்கே வா. கிணற்றுத் தண்ணீரையே அடுப்பில் ஏற்றலாம். பெரியப்பாவையும் வரச் சொல்லியிருக்கிறேன். நீ விறகைத் தள்ளிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திரு. இந்தத் தடவை எவ்வளவு என்று நான் பார்த்துச் சொல்கிறேன்.

அம்மா